எழுத்துப்பட்டியில் எங்கள் வீடு

எழுத்துப்பட்டிக்குப் பேருந்து கிடையாது. கையில் போன் இருந்தால் போதும், போய்விடலாம். ஊர் முழுக்க எழுத்துதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை. ‘பார்’ என்று தட்டினால் எதிரில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லும். ‘வடக்கே போ’ என்று தட்டினால் வடக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே வேறு யாராவது வந்திருந்தால் அதையும் சொல்லும். அவர்களோடு பேசலாம், வம்பு வளர்க்கலாம். இதைக் கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் நான் மேற்கொண்டு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அந்த ஊரை உண்டாக்கியது நானும் என் தோழியும். அஸ்தம்பட்டியில், கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி. அவள் சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நான் நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரத்தில் பஸ் மாறி வருவேன். நாள் முழுக்க யாரோ கேட்ட நிறத்தில், யாரோ கேட்ட இடத்தில் பட்டன் வைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஒரு பல் டாக்டர், “இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு” என்று மறுபடி மறுபடி கேட்டு உயிரை வாங்கிய நாளில், தோழி டிபன் பாக்ஸைப் படாரென்று மூடிவிட்டு, “நிறமே இல்லாத ஊரு ஒண்ணு பண்ணலாம் வாடி” என்றாள். அஸ்தம்பட்டிக்குத் தங்கச்சியாக இருக்கட்டும் என்று பெயரையும் அவளே வைத்தாள்.

அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டியதற்குச் சொல்லியும் வைக்கலாம்: இன்னது நடந்தால் நீ இன்னது செய் என்று. நிரல் எழுதுவது என்றால் ஆட்கள் பயந்து ஓடுகிறார்கள். மரத்துக்கும் நாய்க்கும் சொல்லி வைப்பது என்றால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. நாங்கள் முதலில் தோண்டியது ஒரு கிணறு. ஏதாவது ஓர் இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து வாளியை இறக்கினால், அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு வரியை மொண்டுகொண்டு வரும். செய்திப் பக்கத்தில் இறக்கினால் சில நாள் மந்திரி வருவார், சில நாள் பூச்சிமருந்து வரும். பஸ் ஸ்டாண்டில் ஒரு புளியமரம் வைத்தோம். உலுக்கினால், வானிலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்லும். தோழி தன் பங்குக்கு ஒரு கறுப்பு நாயை அவிழ்த்துவிட்டாள். அது போகிற வருகிறவர்கள் கையிலிருப்பதைத் திருடிக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் போட்டுவிடும். நாங்கள் விளையாட்டாக அங்கே எழுதி வைத்த பல் டாக்டரின் பட்டனை ஒரு நாள் கவ்விக்கொண்டு போய்க் கிணற்றிலேயே போட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் அறைக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். தோழியின் அண்ணன், அலுவலகத்து அக்கவுண்டன்ட், என் கல்லூரிச் சிநேகிதிகள் என்று ஆளுக்கொரு மூலையில் இடம் பிடித்துக்கொண்டார்கள். நான் கட்டியது மண்டிச் சுவர். எங்கள் பக்கம் மஞ்சள் விளைகிற பூமி. அன்றைக்கு விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று இணையத்தில் தேடி எடுத்து, கரியால் கிறுக்கியதுபோல் அந்தச் சுவரில் காட்டும்படி சொல்லி வைத்தேன். என் மாமியார் எழுத்துப்பட்டிக்குள் காலடி வைத்தது அந்தச் சுவரைப் பார்க்கத்தான்.

அத்தைக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. முதலில் என் போனைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் போனிலேயே, ஒற்றை விரலால், அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க ஊர் சுற்ற ஆரம்பித்தார். கிணற்றில் வாளி விட்டார், புளியமரத்தை உலுக்கினார், திருட்டு நாயைத் துரத்தினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “ஏஞ்சாமி, கண்டவங்கெல்லாம் அங்க ஊடு கட்டியிருக்கறாங்க, நமக்கு ஒண்ணு இல்லியா?” என்று கேட்டார்.

அப்போது நிஜமான வீடே பாதிதான் எழும்பியிருந்தது. மஞ்சள் காட்டை ஒட்டி, பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுகிறவர் கண்ணில்தான் அது இன்னும் படவில்லை. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு, ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடப் போனவர். திருச்செங்கோட்டு முதலாளியின் வண்டி. அதிலேயே பாதி இந்தியாவைச் சுற்றியாகிவிட்டது. அந்த வருஷம் வண்டி வடக்கே எங்கோ காட்டு ஓரத்தில் நின்றது. அங்கே வீடியோ ஓடாது, போட்டோ இறங்காது, பேசினால் பாதிப் பேச்சில் அறுந்துபோகும். எழுத்து மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். அத்தை கேட்ட கேள்வியில் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்காரருக்குக் காட்ட முடியாத வீட்டை, அவர் நடந்து பார்க்கும்படி எழுதிவிட்டால் என்ன?

அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். மேஸ்திரி எதுவரைக்கும் கட்டியிருக்கிறாரோ அதுவரைக்கும் எழுத்தும் எழும்பும். வாசல், ஆசாரம் என்கிற கூடம், சமையல்கட்டு, படுக்கிற அறை, பின்னால் துணி துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும் பொடக்காளி. வேலை முடிந்து ரிக் நிற்கிற நேரத்தில் அவர் வருவார். ‘கிழக்கே போ’, ‘பார்’, ‘கட்டிலில் உட்கார்’ என்று தட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பார். நான் அலுவலகத்தில் பல் டாக்டரின் பட்டனுக்கு நீலம் பூசிக்கொண்டே அவரோடு ஆசாரத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவரை ரொம்பவும் தேடிய காலம் அது. ‘அவர் கட்டிலில் உட்கார்ந்தார்’ என்று ஒரு வரி வந்தாலே பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

ஒரு தடவை அந்தக் கட்டிலிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “புள்ள, ஜன்னல்ல பாத்தா செவுருதான் தெரியுது” என்றார். நான் எழுதியது தப்போ என்று நிஜ வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். தப்பே இல்லை. படுக்கையறை ஜன்னல் நேராகப் பழைய வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை நாள் அங்கேயே நின்ற எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. மேஸ்திரி முனகிக்கொண்டே அதை அடைத்துவிட்டு, மஞ்சள் காட்டுப் பக்கம் வேறு ஜன்னல் வைத்தார். எங்கேயோ இருந்து எழுத்தில் நடக்கிற ஆள் சொல்லி ஜன்னல் மாறுகிறதே என்று ஊரில் பேச்சாகிப்போனது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. எழுத்துப்பட்டிக்கு வெளியே, தரிசில், ஒரு ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓர் இணையப் பக்கத்தைக் காட்டி ‘ஓட்டு’ என்றால் அது இறங்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சுட்டியைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். ‘செம்மண்’, ‘சரளை’, ‘கருங்கல்’ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றைச் சொல்லும். தண்ணீர் என்ற சொல் இருக்கிற பக்கம் அகப்பட்டால், ‘பீச்சியடிக்குது’ என்று சொல்லி நிற்கும். சினிமாப் பக்கத்தில் குத்தி ஒட்டகப் பண்ணையில் தண்ணீர் கண்டோம். சமையல் குறிப்பில் குத்தி ஏதோ ஒரு நாட்டு அணைக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோழி, “உன் வீட்டுக்காரர் கல்லு குத்தறதை விட்டுட்டு நம்ம ஆபீசுக்கே வரலாம்டி” என்றாள். அவரிடம் சொன்னேன். “அங்க பட்டனு வெக்கோணுமே, அதெல்லாம் நம்மளால ஆகாதுங்கோ” என்று பதில் வந்தது.

வீடு முடிந்தது. வைகாசியில் புண்ணியார்ச்சனைக்கு, அதாவது புதுவீடு புகுகிற விசேஷத்துக்கு, நாள் குறித்தார்கள். ரிக் தொழிலுக்கு அதுதான் கொழுத்த காலம்; மழை இறங்குவதற்குள் குத்த வேண்டியதையெல்லாம் குத்தியாக வேண்டும். “ஆள் பத்தாது. மொதலாளி உடமாட்டீங்கறாரு. நீங்க பால் காச்சிருங்க, நான் ஆவணில வந்து பாத்துக்கறேன்” என்று எழுதினார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டை வந்து பார்த்துக்கொள்கிறாராம்! வீடு என்ன பொருட்காட்சியா? அத்தை கோபப்படவில்லை. முகம்தான் சுருங்கிப்போனது. “அவன் காலெடுத்து வெக்காத ஊட்டுல நான் எப்படிச் சாமி பால் காச்சறது?” என்று மட்டும் கேட்டார்.

நான் விடவில்லை. வீட்டுக்காரரை நச்சரித்தேன். கடைசியில் அவர், “ஞாயித்துக்கெழம டீசல் புடிக்க டவுனுக்குப் போவோம், அங்க சிக்னல் இருக்கும். ஊட்டுக்கு வாரேன். முழுசாச் சுத்திப் பாத்துப்போட்டு முடிவு சொல்றேன்” என்றார். ஆக, நாங்கள் எழுதிய வீடு அவரை இழுத்து வர வேண்டும். அது முடியாவிட்டால் ஆவணிதான்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒறம்பரை வந்தால், அதாவது உறவுக்காரர் விருந்தாளியாக வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்லியாக வேண்டும். ஒருவர் சொன்னது கேட்டதும் உள்ளே இருப்பவரும் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்தர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், வந்தவர்கள் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். முன்பு தோழி எழுத்துப்பட்டி வீட்டுக்கு வந்தபோது யாரும் வாங்க சொல்லவில்லை என்று அத்தை பதறிப்போயிருந்தார். அதனால் வாசற்கதவுக்கு, யார் வந்தாலும் வாங்க சொல்லு என்று சொல்லி வைத்தோம். கதவு ஒன்று மட்டும் சொன்னால் நன்றாயிருக்காது என்று அங்கே கட்டியிருந்த மாட்டுக்கும், வேறு யாராவது வாங்க சொல்லிக் கேட்டால் நீயும் சொல்லு என்று சொல்லி வைத்தோம். தோழி வந்தாள். கதவு சொன்னது, மாடு சொன்னது. “உங்க வீட்டு மாட்டுக்கு இருக்கிற மரியாதை எங்க காலனியில யாருக்கும் இல்லை அத்தை” என்று அவள் சொன்னதில் அத்தைக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஞாயிறு வந்தது. அத்தை தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஏதோ களை கட்டியிருந்தது. என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பதினோரு மணிவாக்கில் ‘வாசற்கதவு திறந்தது’ என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் என் வீட்டுக்காரர் பெயர்.

கதவு ‘வாங்க’ என்றது. மாடு ‘வாங்க’ என்றது. கட்டில் ‘வாங்க’ என்றது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சிரித்தார். “மாட்டுக்குச் சொன்னதயே எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன் சாமி! எம்பையன் வாரப்ப எதுவும் ஊமையா நிக்கக்கூடாது பாரு.” முருங்கைமரம் வாங்க என்றது. அம்மி வாங்க என்றது. தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், எந்த நேரத்தில் நுழைந்ததோ அந்தத் திருட்டு நாய், எல்லாம் வாங்க என்றன. மாடு வாங்க சொன்னது கட்டிலுக்குக் கேட்டது, அதனால் கட்டில் சொன்னது. கட்டில் சொன்னது மாட்டுக்குக் கேட்டது, அதனால் மாடு மறுபடி சொன்னது. அம்மி நாய்க்குச் சொல்ல, நாய் முருங்கைக்குச் சொல்ல, திரை முழுக்க வாங்க வாங்க வாங்க என்று மேலே ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் அவர் ஏதோ தட்டியிருப்பார் போல. ஓர் எழுத்து தெரிந்து அப்படியே மேலே போய் மறைந்தது. அப்புறம் எல்லாம் நின்றது. கிணறு இல்லை, மரம் இல்லை, ஊரே இல்லை.

தோழி சூரமங்கலத்திலிருந்து கூப்பிட்டாள். “என்னடி பண்ணித் தொலைச்சீங்க, ஊரே படுத்துடுச்சு!” விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி அடுப்படி வரைக்கும் கேட்டது. மரியாதை தாங்காமல் விழுந்த ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதானாம். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டவுனில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரமும் போனால் அவருக்கு மறுபடி சிக்னல் எப்போது கிடைக்குமோ? “வாங்கன்னு சொன்னது ஒரு குத்தமா சாமி?” என்று அத்தை என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவரைப் பார்த்து என்னால் கோபிக்கவும் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. “வண்டிப் பசங்கெல்லாம் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வல்ல. எங்கூட்டுலயே என்னய ஒறம்பரை ஆக்கிப்போட்டீங்க.” அவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “அவஞ் சொல்றது செரிதான்” என்றார். “ஊட்டாளுக்கு யாராச்சும் வாங்க சொல்லுவாங்களா?”

அன்றைக்கே போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஊரைத் தூக்கி நிறுத்த உட்கார்ந்தோம். ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு மேல் வாங்க சொல்லாதே என்று எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்தோம். அது சுலபம். தோழி அடுத்ததாகக் கேட்டாள்: “வந்திருக்கிறது வீட்டு ஆளா, விருந்தாளியான்னு வீட்டுக்கு எப்படித் தெரியும் அத்தை? பெயரெல்லாம் கொடுத்து வைக்கணுமா?”

“பேரு என்னத்துக்கு?” என்றார் அத்தை. “ஒறம்பரை வாசல்ல வருவாங்க. ஊட்டாளு பொடக்காளில வருவான். காட்டுல இருந்து வந்தா அங்கதான கால் கழுவோணும்?”

தோழி அந்தப் பக்கம், “அடேங்கப்பா” என்றது கேட்டது. பொடக்காளிக் கதவைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் எதுவும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தோம். அந்த மாற்றத்தைப் பற்றி அவருக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கும் என்று வீம்பு.

விசேஷத்துக்கு நான்கைந்து நாள் இருக்கும். பத்திரிகை கொடுத்துவிட்டு ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். சும்மா எழுத்துப்பட்டியைத் திறந்தபோது வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. வாசல் திறந்தது. கதவு என் வீட்டுக்காரருக்கு வாங்க சொன்னது, மாடு சொன்னது, எல்லாம் ஆளுக்கொரு தடவை சொல்லி ஓய்ந்தன. அவர் வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் ‘பொடக்காளிக் கதவு திறந்தது’ என்று வந்தது. ‘அவர் தொட்டியில் கால் கழுவினார்.’ வீட்டிலிருந்த எதுவும் வாங்க சொல்லவில்லை. ‘அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே மஞ்சள் காட்டைப் பார்த்தார்.’ மாடு பேசவில்லை, அம்மி பேசவில்லை, நாய்கூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. நான் அவசர அவசரமாக, “வாரீங்களா?” என்று தட்டினேன். அதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூட எனக்குக் காதில் விழவில்லை.

விசேஷத்தன்று விடியும்போதே கூட்டம். தோழி சூரமங்கலத்திலிருந்து பட்டுச்சேலையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பன்னீர்ச் சொம்பை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் ஆட்களுக்கு மேல் வாங்க சொன்னாள். அலங்கரித்த மாடும் கன்றும் வாசலில் நின்றன. ஐயர் நேரமாகிறது என்றார். மறுபடி நேரமாகிறது என்றார். பங்காளிகளில் யாரையாவது முன்னால் நிறுத்தி முடித்துவிடலாம் என்று ஒரு பெரியப்பா யோசனை சொன்னார். நான் அத்தையைத் தேடினேன். அத்தை அங்கே இல்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். காட்டுப் பாதையில் யாரையோ இறக்கிவிட்டு ஒரு கோழித்தீவன லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பொடக்காளித் தொட்டி அருகில், தலையிலிருந்து கால்வரை கல்மாவு படிந்த ஓர் ஆள் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை கையில் புது வேட்டியோடு நின்றிருந்தார். எத்தனை மணிக்கு வந்து அங்கே காத்திருந்தாரோ தெரியாது.

“ரெண்டு சொம்பு தண்ணி வாத்துக்கிட்டு இதக் கட்டிக்க” என்றார் அத்தை, அவர் காலையில் காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினவர் போல. “முன்னால மாடு காத்துட்டு நிக்குது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சோப்பு எங்க புள்ள?” என்றார். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

மாடும் கன்றும் உள்ளே போயின. பின்னால் நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். காலையிலிருந்து வாங்க சொல்லிச் சொல்லிப் பழகிப்போன தோழி, பன்னீரைத் தெளித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். எங்களுக்குப் பின்னாலிருந்த அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். தோழி வாயை மூடிக்கொண்டாள். ஆசாரம் நிறைய ஆட்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் பழைய வீட்டு வாசலில் நான் நின்றபோது எத்தனை வாங்க! இந்தப் புது வீட்டு வாசலில் எனக்கும் ஒன்று கிடைக்கவில்லை. வலது காலை எடுத்து வைத்தோம்.